கூடத்தில் டி.வி., தறிக்குழியில் சத்தம்

உடையார்பாளையத்தில் பட்டுத்தறி இருக்கிற வீடுகளில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஒரு பஞ்சாயத்து கட்டாயம் நடக்கும். கூடத்தில் சீரியல் ஓடும். பக்கத்து அறையில் தறி ஓடும். தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவருக்குச் செய்தி கேட்க வேண்டும். கூடத்தில் இருக்கும் அப்பாயிக்குக் காது மந்தம், ஆகவே டி.வி. சத்தம் அறுபதில் நிற்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே பத்தாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் போடுகிறது, ஆகவே அதே சத்தம் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். மூன்று பேருக்கும் நியாயம் இருக்கிறது. ரிமோட் ஒன்றுதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இந்த வழக்குக்குத் தீர்ப்பு சொன்னது, சத்தத்தைக் கம்பி இல்லாமல் அனுப்பும் சின்ன டிரான்ஸ்மிட்டர். அது ஒழுங்காக ஓட ஆரம்பித்த நாள் முதல், தெருவில் யார் வீட்டில் ஸ்பீக்கர் ஜோடி சேராமல் அடம்பிடித்தாலும் போன் எனக்குத்தான் வருகிறது. அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, ஒரு தடவை எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

தறியும் ரேடியோவும்

தறிக்கும் ரேடியோவுக்கும் பழைய சிநேகம். உடையார்பாளையம், இலையூர், வாரியங்காவல் பக்கம் நெசவு வீடுகளுக்குள் போனால் காரணம் புரியும். கை நாடாவுக்குப் போய்விடும், கால் மிதிக்குப் போய்விடும், கண் பாவை விட்டு நகராது. சும்மா இருப்பது காது மட்டும். அப்பா தொழில் பழகிய வயதில் அந்தக் காதுக்குத் தீனி போட்டது இலங்கை வானொலியும் திருச்சி வானொலியும். திருச்சி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியது. மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ் என்பது நெசவாளர் வீடுகளில் முள் நகராமல் நின்ற இடம்.

அப்போது சத்தத்தை அறைக்கு அறை அனுப்பும் பிரச்சினையே கிடையாது. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்த் தறிக்கு எதிர்ச் சுவரில் ஆணியில் மாட்டினால் வேலை முடிந்தது. நிகழ்ச்சியெல்லாம் டி.வி.க்குக் குடிபோன பிறகுதான் பெட்டி ஓர் அறையில், காது இன்னோர் அறையில் என்று ஆயிற்று. இதே ஊர் ஜமீன் சபையில் ஒரு காலத்தில் கனம் கிருஷ்ணையர் பாடினார்; உ.வே.சாமிநாதையரின் தந்தைக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர். அடிவயிற்றிலிருந்து எழும் பெருங்குரல் பாட்டில் பேர்போனவர். அவருக்கு டிரான்ஸ்மிட்டர் தேவைப்பட்டிருக்காது. செய்தி வாசிப்பவருக்குத் தேவைப்படுகிறது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

கடைக்காரரிடம் "ப்ளூடூத் எத்தனாவது வெர்ஷன், எத்தனை மீட்டர் போகும்" என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் வீட்டிலேயே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கேட்கப்போகிறவர் படத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பாரா, பார்க்காமல் கேட்பாரா? மற்ற எல்லா முடிவும் இந்தப் பதிலில் அடங்கிவிடும்.

காரணம், தாமதம். ப்ளூடூத்தில் சத்தம் அப்படியே போவதில்லை. டிரான்ஸ்மிட்டர் அதைச் சுருக்கி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. அந்தப் பக்கம் இருக்கும் ஸ்பீக்கர், வழியில் பொட்டலம் தொலைந்தால் சமாளிக்க வேண்டும் என்று கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு பிரித்து ஒலிக்கிறது. பழைய முறை ப்ளூடூத் ஒலிக்கருவிகள் எல்லாவற்றிலும் கட்டாயம் இருக்கும் எஸ்.பி.சி. என்ற சுருக்குமுறையில் இதற்குச் சாதாரணமாக 150 முதல் 250 மில்லி நொடி ஆகிறது. கேட்க அற்பமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: காற்றில் சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 200 மில்லி நொடித் தாமதம் என்றால், மேடையிலிருந்து 68 மீட்டர் தள்ளி நின்று கூத்து பார்ப்பதற்குச் சமம். ஆட்டக்காரர் வாயை மூடிய பிறகுதான் வசனம் வந்து சேரும்.

படமும் ஒலியும் எவ்வளவு விலகினால் மனிதனுக்குத் தெரியும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. ஒலி 45 மில்லி நொடி முந்தினாலே தெரிந்துவிடும். பிந்தினால் 125 மில்லி நொடி வரை தெரியாது. 185-ஐத் தாண்டினால் பொறுக்க முடியாது. வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு என்று இடி மின்னல் பார்த்துப் பழகிய நமக்குப் பிந்துவதில் கொஞ்சம் பொறுமை அதிகம். ஆனாலும் மலிவான ப்ளூடூத் கருவிகள் அந்தப் பொறுமையின் எல்லையில்தான் நிற்கின்றன.

இப்போது எங்கள் வீட்டு வழக்குக்கு வருவோம். தறிக்குழியில் இருக்கும் அப்பா படம் பார்ப்பதில்லை. அவருக்குச் செய்தி கால் நொடி பிந்தி வந்தால் ஒன்றும் குடிமுழுகாது. ஆகவே அவருக்குச் சாதாரண ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டரும் ஒரு ஸ்பீக்கரும் தாராளம். ஹெட்போன் வாங்கித் தரலாமே என்று கேட்டதற்கு, "காதை மூடிக்கிட்டு நெய்ய முடியாதுடா. இழை அறுந்தா சத்தம் மாறும், அது கேக்கணும்" என்றார். ஆகவே ஸ்பீக்கர்தான். அதையும் தறி மரத்தில் மாட்டக் கூடாது, அதிர்ந்துகொண்டே இருக்கும். சுவரில் மாட்ட வேண்டும்.

அப்பாயி விஷயம் நேர் எதிர். அவர் உதட்டைப் பார்த்துத்தான் பாதி வசனத்தைப் புரிந்துகொள்கிறார். காது மந்தமானவர்கள் பலரும் அப்படித்தான். உதடு ஒன்று, சத்தம் ஒன்று என்றால் அவருக்கு ஹெட்போன் இருந்தும் பயனில்லை. அவருக்கு வேண்டியது தாமதம் குறைந்த வழி. மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, டி.வி.க்கென்றே விற்கும் வயர்லெஸ் ஹெட்போன். டி.வி. பக்கத்தில் ஒரு தாங்கி இருக்கும். ஹெட்போனை அதில் மாட்டினால் சார்ஜ் ஆகும், எடுத்துப் போட்டால் சத்தம் வரும். இது ப்ளூடூத் இல்லை. தனக்கென்று ஒரு ரேடியோ இணைப்பு வைத்திருக்கிறது. ஜோடி சேர்க்கும் தொல்லை பெரும்பாலும் இல்லை, தாமதமும் கண்ணுக்குத் தெரியாது. வயதானவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டு, ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற சுருக்குமுறை உள்ள டிரான்ஸ்மிட்டரும் ஹெட்போனும். தாமதம் 40 மில்லி நொடி அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் இரண்டு பக்கமும் அது இருந்தாக வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் இரண்டும் சத்தமில்லாமல் எஸ்.பி.சி.க்கு இறங்கிவிடும், பெட்டியில் அச்சடித்த எழுத்தை நம்பிக் காசு கொடுத்தவருக்கு ஒன்றும் புரியாது. 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட எல்.இ. ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் முறை குறைந்த தாமதத்துக்கும் வழிசெய்கிறது. அதற்கும் இதே நிபந்தனை: இரண்டு முனையிலும் இருக்க வேண்டும்.

மூன்று, நீளமான கம்பி. சிரிக்காதீர்கள். அப்பாயி உட்காரும் நாற்காலி டி.வி.யிலிருந்து பத்தடி. சுவரோரமாக ஒரு நீட்டிப்புக் கம்பி விட்டால் தாமதம் பூஜ்யம், சார்ஜ் பூஜ்யம்.

டி.வி.க்கே உள்ளே ப்ளூடூத் இருந்தால் தனி டிரான்ஸ்மிட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். இருந்தால் முதலில் அதைத்தான் முயன்று பார்க்க வேண்டும். ஒலி பிந்தும் என்று டி.வி.க்கே தெரிவதால், அதற்குள் ஓடும் ஆப்களில் படத்தையும் அதே அளவு பிந்தவைத்துக் காட்ட அதனால் முடியும். வெளியே செருகிய டிரான்ஸ்மிட்டர் பற்றி டி.வி.க்கு ஒன்றும் தெரியாது. டி.வி. மெனுவில் ஒலித் தாமதம் என்று ஒரு அளவு இருக்குமே என்றால், அது ஒலியை இன்னும் பிந்தவைக்கத்தான் உதவும். முந்தவைக்க எந்த மெனுவாலும் முடியாது.

டி.வி.யின் முதுகு

எனக்கு வரும் போன்களில் பெரும்பங்கு இங்கேதான் முடிகிறது. டி.வி. முதுகில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஓட்டைகளைப் பார்த்ததும் டிரான்ஸ்மிட்டரின் கம்பியை அதில் செருகிவிடுகிறார்கள். இன்றைய டி.வி.க்களில் அந்த ஓட்டைகள் பெரும்பாலும் உள்ளே வாங்குவதற்கு. வெளியே கொடுப்பதற்கு இல்லை. பக்கத்தில் "இன்" என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். அங்கே எத்தனை டிரான்ஸ்மிட்டரைச் செருகினாலும் சத்தம் வராது. பொடி ஓட்டையிலும் இதே சிக்கல் உண்டு: ஹெட்போன் ஓட்டையும் ஏ.வி. இன் ஓட்டையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். டார்ச் அடித்துப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

சத்தம் வெளியே வரும் வாசல்கள் மூன்று. முதலாவது ஹெட்போன் ஓட்டை. அதில் செருகியதும் பல டி.வி.க்களில் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். மெனுவில் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது ஆப்டிகல். மூடியைத் தள்ளினால் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். அது தெரிந்தால் வாசல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இதைப் பயன்படுத்தினால் டி.வி. மெனுவில் டிஜிட்டல் ஒலி அமைப்பைப் பி.சி.எம். என்று மாற்றியே ஆக வேண்டும். டால்பியிலோ ஆட்டோவிலோ விட்டால், சின்ன டிரான்ஸ்மிட்டருக்கு அந்தப் பாஷை தெரியாது. சில சேனலில் சத்தம் வரும், சில சேனலில் வராது. அப்படி நடந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான்.

மூன்றாவது வாசலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: செட்டாப் பாக்ஸ். டி.வி.க்கு எச்.டி.எம்.ஐ. கம்பியில் படம் போய்க்கொண்டிருந்தாலும், பெரும்பாலான பெட்டிகளில் ஏ.வி. அவுட் ஓட்டையில் சத்தம் தனியாக வந்துகொண்டேதான் இருக்கும். சிவப்பையும் வெள்ளையையும் டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுங்கள். மஞ்சள் படத்துக்கு, அதைத் தொங்க விடுங்கள். இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் சத்தத்தை முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு, கூடத்துச் சத்தத்தை டி.வி. ரிமோட்டில் மட்டும் கூட்டிக் குறைக்கலாம். டி.வி.யைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அப்பா ஸ்பீக்கரில் செய்தி ஓடும். கணக்குப் போடும் பிள்ளைக்கும் நிம்மதி. பஞ்சாயத்து கலைந்தது இந்த ஓட்டையால்தான்.

ஒரு எச்சரிக்கை. செட்டாப் பாக்ஸில் மூன்று வண்ண ஓட்டைக்குப் பதில் ஒரே பொடி ஓட்டை இருந்தால், படமும் சத்தமும் அந்த ஒன்றிலேயே வருகின்றன. சாதாரண இயர்போன் கம்பியைச் செருகினால் படத்துக்கான மின்சாரம் காதுக்கு வந்து ர்ர்ர் என்று இரையும். பெட்டியோடு கொடுத்த கம்பியையே பயன்படுத்த வேண்டும். வேறு கம்பி என்றால், சிவப்பில் இரைச்சல் வந்தால் மஞ்சளை மாற்றிச் செருகிப் பாருங்கள். உள்ளே வரிசை பெட்டிக்குப் பெட்டி மாறும்.

எங்கே அறுந்தது?

சத்தம் வரவில்லை என்றதும் முதல் வேலையாக டிரான்ஸ்மிட்டரைத் திட்டுவதுதான் வழக்கம். சத்தம் போகும் பாதையில் ஐந்து இடம் இருக்கிறது: பெட்டி, கம்பி, டிரான்ஸ்மிட்டர், காற்று, ஸ்பீக்கர். எந்த இடத்தில் அறுந்தது என்று மூன்று சோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சாதாரண இயர்போனை டி.வி.யின் ஹெட்போன் ஓட்டையில் நேரடியாகச் செருகிக் கேளுங்கள். கேட்டால் பெட்டி நிரபராதி. அடுத்து, ஸ்பீக்கரை உங்கள் போனோடு சேர்த்து ஒரு பாட்டைப் போடுங்கள். பாடினால் ஸ்பீக்கரும் நிரபராதி. மிச்சம் இருப்பது கம்பியும் டிரான்ஸ்மிட்டரும் நடுவில் இருக்கும் காற்றும்தான். ஸ்பீக்கரை டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் கொண்டுவந்து வைத்தால் காற்றும் விடுபட்டுவிடும். இதைச் செய்யாமல் புதிதாக ஒன்று வாங்கினால், பழைய கோளாறு புதுப் பெட்டியோடு வீட்டுக்கு வரும்.

ஜோடி சேர மறுத்தால்

முதலில் பார்க்க வேண்டியது டிரான்ஸ்மிட்டரின் பக்கவாட்டில் இருக்கும் பொடி சுவிட்ச். அனுப்பவும் வாங்கவும் இரண்டுக்கும் ஆகும் கருவிகளில் டி.எக்ஸ்., ஆர்.எக்ஸ். என்று இரண்டு நிலை இருக்கும். டி.எக்ஸ். என்றால் அனுப்புவது. அது ஆர்.எக்ஸ்.-ல் இருந்தால், உங்கள் டிரான்ஸ்மிட்டரும் ஸ்பீக்கரும் இரண்டு பேருமே கேட்கக் காத்திருக்கிறார்கள், பேசத்தான் ஆளில்லை.

அது சரியாக இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் ஒரு செல்போன். ஸ்பீக்கருக்கு ஞாபகசக்தி உண்டு. ஆன் செய்த நொடியே, நேற்றுச் சேர்ந்த போனைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். போன் மாடியில் யார் பையிலோ இருக்கும். டிரான்ஸ்மிட்டர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், ஸ்பீக்கர் திரும்பிக்கூடப் பார்க்காது. வீட்டில் உள்ள எல்லாப் போனிலும் ப்ளூடூத்தை அணையுங்கள். ஸ்பீக்கரைச் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும் வரை அழுத்திப் பிடியுங்கள். டிரான்ஸ்மிட்டரையும் அப்படியே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் பொறுங்கள். டிரான்ஸ்மிட்டருக்குத் திரை கிடையாது. யாரைச் சேர்க்கலாம் என்று கேட்காது, முதலில் கிடைத்தவரோடு போய்விடும். ஆகவே சேர்க்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு ஹெட்போனும் மின்னிக்கொண்டிருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே டிரான்ஸ்மிட்டரில் இரண்டு ஹெட்போன் சேர்க்கலாம் என்று பெட்டியில் போட்டிருக்கும். சேரும். ஆனால் அப்போது தாமதம் கூடுவதும், தூரம் குறைவதும் சகஜம்.

விட்டு விட்டு வந்தால்

ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில். பழைய ப்ளூடூத் முறை 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1600 தடவை தடம் மாறித் தாவுகிறது. 2003-ல் வந்த 1.2 பதிப்பு முதல், நெரிசலான தடங்களைப் பார்த்து ஒதுங்கிப் போகவும் கற்றுக்கொண்டது. ஆனால் அதே பட்டையில்தான் வைஃபையும் இருக்கிறது, மைக்ரோவேவ் அடுப்பும் இருக்கிறது. வைஃபை ரூட்டரை டி.வி. மேஜையிலேயே, டிரான்ஸ்மிட்டரை ஒட்டி வைத்தால் ஒதுங்க இடமிருக்காது. இரண்டுக்கும் குறைந்தது மூன்றடி இடைவெளி கொடுங்கள். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் போன்களை அதற்கு மாற்றிவிடுங்கள். பாதித் தொல்லை போய்விடும்.

அடுத்த எதிரி பீரோ. இந்த அலையின் நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம்தான். அவ்வளவு குட்டை அலைக்கு ஆறரை அடி இரும்பு பீரோ ஒரு கோட்டைச் சுவர். பண்பலை வானொலியின் அலை மூன்று மீட்டர் நீளம், பீரோவைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும், ப்ளூடூத் வராது. தெருவில் ஒரு பெரியம்மா வீட்டில் "இந்த ஸ்பீக்கர் சாயங்காலம்தான் மக்கர் பண்ணுதுப்பா" என்றார்கள். போய்ப் பார்த்தால், சாயங்காலம் பீரோக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் துணி மடிக்கிறார்கள். திறந்த கதவு நேராக வழியை மறிக்கிறது. டிரான்ஸ்மிட்டரை இரண்டடி உயர்த்தி ஜன்னல் மேல் வைத்ததும் சரியாகிவிட்டது.

டி.வி.யும் உள்ளே ஒரு உலோகத் தகடுதான். அதன் முதுகில் செருகிய டிரான்ஸ்மிட்டர், தகட்டுக்குப் பின்னால் நின்றுதான் பேசுகிறது. ஒரு யு.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி வாங்கி, டிரான்ஸ்மிட்டரை டி.வி.யின் மேல்விளிம்புக்கு மேலே தெரியும்படி ஒட்டுங்கள். சில நூறு ரூபாயில் தீரும் வேலை இது. டி.வி. பெட்டியின் நீல நிற யு.எஸ்.பி. 3 ஓட்டையில் ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால் அதன் பக்கத்திலிருந்தும் தள்ளி வையுங்கள்; அந்த ஓட்டை 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் எழுதியிருக்கிறது.

நம்ம ஊர்ப் பழைய வீடுகளில் சுவர் கனம். ஆனால் முற்றம் இருக்கிறது, வாசற்கால்கள் நேர்நேராக இருக்கின்றன. அலை சுவரைத் துளைக்கட்டும் என்று காத்திருப்பதை விட, வாசல் வழியாகப் போகட்டும் என்று இடம் பார்த்து வைப்பது புத்திசாலித்தனம். கூடத்தில் டிரான்ஸ்மிட்டர் இருக்கும் இடத்திலிருந்து தறியறைக்குள் ஏதாவது ஒரு மூலை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் அந்த மூலையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் ஈரம் ஊறிய சுவரும், நடுவில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகளும் அலையைக் குடிப்பார்கள். தண்ணீருக்கு இந்த அலை மேல் அவ்வளவு பிரியம். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. அதனால் ஆள் உயரத்துக்கு மேலே வைப்பது எப்போதும் நல்லது.

இரைந்தால்

ம்ம்ம் என்று தொடர்ந்து வரும் இரைச்சலுக்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை. அது கம்பி வழியாக வந்தது. டிரான்ஸ்மிட்டரை டி.வி.யின் யு.எஸ்.பி.யிலிருந்து எடுத்து ஒரு பவர் பேங்கில் மாட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு மின்சாரத்தில் இருக்கிறது. தனி சார்ஜரில் ஓட்டுங்கள், அதிலும் இரைந்தால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னக் கருவியை ஒலிக்கம்பிக்கு நடுவில் போடுங்கள். பவர் பேங்கிலேயே நிரந்தரமாக ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். டிரான்ஸ்மிட்டர் குடிக்கும் மின்சாரம் மிகக் கொஞ்சம். ஒன்றும் மாட்டவில்லை போல என்று பவர் பேங்க் தானாக அணைந்துவிடும்.

கரண்ட் போனதும்தான் இரைகிறது என்றால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் ஃபேன் உறுமுவதும் ஸ்பீக்கர் இரைவதும் ஒரே காரணத்தால்தான். டிரான்ஸ்மிட்டர் அதைத் திருத்தாது.

ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சலும் பேச்சு கரகரப்பதும் அளவுக் கோளாறு. ஹெட்போன் ஓட்டையில் சத்தம் மிகக் குறைவாக இருந்தால், ஸ்பீக்கரைக் கூட்டும்போது இரைச்சலும் கூடவே கூடும். மிக அதிகமாக இருந்தால் குரல் கிழியும். டி.வி. பக்கம் முக்கால்வாசி, மிச்சத்தை ஸ்பீக்கரில். இது நல்ல கணக்கு.

எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வேண்டாம்

"பழைய ரேடியோ சும்மா கிடக்கு, எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வெச்சு அதுலயே கேக்கலாமே" என்று சித்தப்பா கேட்டார். தாமதம் கிடையாது, பீரோவும் மறிக்காது, யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பட்டை, உரிமம் வாங்கியவர்களுக்கு உரியது. பீகாரில் வைசாலி மாவட்டத்து மன்சூர்பூர் கிராமத்தில் ராகவ் மகதோ என்ற இளைஞர், ஐம்பது ரூபாய்ச் செலவில் தானே செய்த டிரான்ஸ்மிட்டரை வைத்து ஊருக்கே ஒரு வானொலி நடத்தினார். மூங்கில் கம்பத்தில் ஏரியல். ஊர் கொண்டாடியது. 2006-ல் செய்தி உலகம் முழுக்கப் போனதும், உரிமம் இல்லை என்று அரசு மூடிவிட்டது. சட்டப்படி நடத்தவும் வழி இருக்கிறது: சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரியில் சமுதாய வானொலி தொடங்கியது, 2006 இறுதியில் தொண்டு நிறுவனங்களுக்கும் அந்த வாசல் திறந்தது. அது ஊருக்கு. வீட்டுக்குள் தறியறை வரை போக அந்தப் பாடு தேவையில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று இந்திய அரசு 2005 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. ப்ளூடூத்தும் வைஃபையும் நம் வீடுகளுக்குள் கேள்வி கேட்பாரின்றி உலவுவது அதனால்தான்.

காதுக்கும் ஒரு வார்த்தை

வயதானால் முதலில் போவது மேல்சுருதி. ச, த, ப மாதிரியான எழுத்துகள் மங்கிவிடும். ஆ, ஓ எல்லாம் கேட்கும். அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல" என்கிறார்கள். டி.வி.யைக் கூட்டினால் ஆ, ஓ-தான் கூடும். ஹெட்போன் போட்டால் அறையின் எதிரொலியும் ஃபேன் சத்தமும் விலகி, மங்கிய எழுத்துகள் கொஞ்சம் தெளியும். ஹெட்போனில் குரலைத் தூக்கிக் காட்டும் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள், மொத்தச் சத்தத்தைக் கூட்டாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்.

அதற்கும் முன்னால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டுங்கள். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. குறும்பி அடைத்திருப்பதற்கெல்லாம் டிரான்ஸ்மிட்டர் வாங்கினால் காசும் போகும், காதும் தெளியாது.

முடிவாக

படம் பார்க்காமல் கேட்பவருக்குச் சாதாரண ப்ளூடூத் போதும். படம் பார்த்துக் கேட்பவருக்கு, டி.வி.க்கென்று வரும் தாங்கி ஹெட்போன். கம்பி எட்டும் தூரம் என்றால் கம்பியே ராஜா. இதற்கு மேல் விலை கொடுத்து வாங்கும் வசதிகளில் பாதியை உங்கள் வீட்டுச் சுவரும் பீரோவும் தின்றுவிடும்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒன்று செய்யுங்கள். டி.வி.யின் முதுகையும் செட்டாப் பாக்ஸின் முதுகையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எந்தப் பெட்டியை எடுத்து நீட்டினாலும், "இதுல எந்த ஓட்டையில செருகணும், காட்டுங்க" என்று அந்தப் போட்டோவை நீட்டுங்கள். காட்டினால் வாங்குங்கள். யோசித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.